தாதிக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியுமா?

வியாபாரப் பத்தியில் ஆஸ்பத்திரி விவகாரம் எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நான்கு பேரை வைத்து வேலை வாங்குகின்ற எவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் அனுபவம், கடந்த இருபத்தைந்து வருடங்களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் கிடைத்திருக்கிறது. அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வாங்கப்படவில்லை. நோயாளியின் கட்டிலருகில் நிற்கின்ற தாதியையும் சிற்றூழியரையும் வாய் திறந்து பேச வைத்தார்கள். அதனால் உயிர்களும் தப்பின, பணமும் மிஞ்சியது. எப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

2020, 2021 கொரோனா காலத்தில் 'வென்டிலேட்டர்' என்ற சொல் நமது வீடுகளுக்குள்ளும் வந்து விட்டது. சுயமாக மூச்சு விட முடியாத நோயாளியின் வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாயைச் செலுத்தி, இயந்திரத்தின் மூலம் நுரையீரலுக்குள் காற்றை அனுப்புகின்ற செயற்கைச் சுவாசக் கருவி அது. உயிர் காக்கும் கருவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நமக்கு எச்சில் தவறி மூச்சுக் குழாய்க்குள் போனால் உடனே இருமி வெளியே தள்ளி விடுகிறோம். குழாய் பொருத்தப்பட்ட நோயாளி மயக்க மருந்தில் கிடக்கிறார், அவரால் சரியாக இரும முடியாது. வாயில் ஊறுவது கீழே இறங்கி, குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனுக்கு மேலே தேங்கி நிற்கும். அதில் கிருமிகள் பெருகும். பின்னர் பலூனின் ஓரத்தால் சிறிது சிறிதாகக் கசிந்து நுரையீரலுக்குள் போய்ச் சேரும். மல்லாக்கப் படுத்திருந்தால் இரைப்பையில் உள்ளதும் மேலேறி வந்து அதனுடன் கலக்கும். விளைவு நியூமோனியா. நோயாளி கொண்டு வந்த நோய் ஒன்று, ஆஸ்பத்திரியில் கிடைத்த நோய் இன்னொன்று என்றாகி விடுகிறது. நாட்கணக்கில் அசையாமல் கிடப்பதால் காலில் இரத்தம் உறைவதும், இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிவதும் வேறு.

இதைத் தடுக்கும் வழிகள் மிகவும் சாதாரணமானவை. ஸ்பெயினின் பார்சலோனா நகரில் 86 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 1999இல் வெளியிட்டார்கள். தட்டையாகப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 34 சதவீதத்தினருக்கு நியூமோனியாவின் அறிகுறிகள் தோன்றின. தலைமாட்டை 45 பாகை உயர்த்தி வைக்கப்பட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கு மாத்திரமே தோன்றின. கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவதற்கு என்ன செலவு? ஒரு சதமும் இல்லை.

சிக்காகோவில் 128 நோயாளிகளிடம் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், மயக்க மருந்தை நாளுக்கு ஒரு முறை நிறுத்தி நோயாளியை விழிக்க வைத்துப் பார்த்தார்கள். வழமையான முறையில் 7 நாட்களுக்கு மேல் கருவியில் இருக்க நேர்ந்தது, இந்த முறையில் அது ஏறக்குறைய 5 நாட்களாகக் குறைந்தது. 2008இல் வெளியான ஆய்வொன்று இன்னும் ஒரு படி மேலே சென்றது. நான்கு வைத்தியசாலைகளில் 336 நோயாளிகள். காலையில் மயக்க மருந்தை நிறுத்துவது, அதையடுத்துத் தானாக மூச்சு விட முடிகிறதா என்று சோதிப்பது, இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். இப்படிக் கவனிக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவர் என்ற கணக்கில், ஒரு வருட முடிவில் கூடுதலாக உயிர் தப்பியிருந்தார்கள். இவற்றுடன் இரைப்பைப் புண்ணுக்கும் இரத்த உறைவுக்கும் தடுப்பு மருந்து, வாய்ச் சுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தால் வேலை முடிந்தது. ஒரு சிறிய துண்டுக் காகிதத்தில் எழுதி விடலாம்.

எழுதி விடலாம்தான். நடந்ததா என்றால், அதுதான் இல்லை.

அமெரிக்காவின் பெயர் பெற்ற வைத்தியசாலைகளில் ஒன்று பல்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் கடமையாற்றிய டொக்டர் பீட்டர் ப்ரொனொவொஸ்ட் தமது பிரிவிலேயே கணக்கெடுத்துப் பார்த்தார். சுவாசக் கருவியிலிருந்த நோயாளிகளில் 70 சதவீதமானோருக்கு, செய்ய வேண்டியவற்றில் ஏதோ ஒன்று விடுபட்டுப் போயிருந்தது. அங்கிருந்த டொக்டர்களுக்கு இவை தெரியாதா? பலர் மற்றவர்களுக்கு இதைப் படிப்பித்துக் கொடுப்பவர்கள்.

காரணம் வேறு. காலையில் டொக்டர் வந்து பார்க்கும்போது தலைமாடு உயர்ந்துதான் இருக்கும். பிறகு நோயாளியின் உடம்பைத் துடைத்து விடுவதற்காகக் கட்டிலைத் தாழ்த்துவார்கள். படுக்கை விரிப்பை மாற்றத் தாழ்த்துவார்கள். எக்ஸ்ரே எடுக்க வருபவர் தாழ்த்துவார். நோயாளியும் தானாகக் கீழ்நோக்கிச் சறுக்கி வருவார். மீண்டும் உயர்த்த வேண்டும் என்பது யாருடைய வேலை? எல்லோருடையதும், ஆகவே யாருடையதும் இல்லை. கூட்டுக் கடைகளில் கல்லாப்பெட்டிக் கணக்கு கெட்டுப் போவதும் இப்படித்தான்! பகல் முழுவதும் சரியாக இருந்து, இரவு இரண்டு மணிக்குக் கட்டில் தட்டையாகக் கிடந்தால், அதைக் காணக் கூடியவர் பேராசிரியர் அல்லர். இரவுக் கடமையிலிருக்கும் தாதியும் சிற்றூழியரும்தான்.

மயக்க மருந்து விடயமும் அப்படியே. நிறுத்தச் சொல்லி டொக்டர் எழுதி விட்டுப் போகிறார். நிறுத்தினால் நோயாளி விழித்துத் தடுமாறித் தொண்டைக் குழாயைப் பிடுங்கி விடுவாரோ என்ற பயம் தாதிக்கு. அந்தப் பயம் வெறும் கற்பனையன்று. மேலே சொன்ன 2008ஆம் ஆண்டு ஆய்விலேயே தாமாகக் குழாயைப் பிடுங்கியவர்கள் அதிகமாக இருந்தார்கள். ஆனால் மீண்டும் குழாய் போட வேண்டி வந்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. இந்த விளக்கத்தைத் தாதியிடம் யாரும் உட்கார்ந்து சொல்லா விட்டால், அவர் தமக்குத் தெரிந்த வகையில் நோயாளியைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், மருந்து நிற்காது. அதைச் சோம்பல் என்றோ கட்டுப்பாடின்மை என்றோ நான் சொல்ல மாட்டேன். கீழே இருப்பவர் உத்தரவை நிறைவேற்றவில்லை என்றால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று மேலே இருப்பவருக்குத் தெரியவில்லை என்றும் இருக்கலாம்.

இதே வைத்தியசாலையில் 2001இல் நடந்த ஒரு சம்பவம் அங்கிருந்தவர்களை உலுக்கி விட்டது. ஜோசி கிங் என்ற 18 மாதக் குழந்தை சுடுநீர்க் காயங்களுடன் அனுமதிக்கப்பட்டு, தேறி, வீடு திரும்பும் நிலைக்கு வந்து விட்டது. குழந்தை தண்ணீருக்காகத் தவிப்பதைத் தாய் கவனித்தார். ஈரத் துணியைக் கூட அது உறிஞ்சப் பார்த்தது. தாய் சொன்னார், யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. உடலில் நீர் வற்றியிருந்த நிலையில், கொடுக்கக் கூடாத வலி மருந்தும் கொடுக்கப்பட்டு, அந்தக் குழந்தை பெப்ரவரி 22ஆம் திகதி இறந்து போனது. கட்டிலருகில் நின்ற தாய் கண்டதை, பட்டம் பெற்றவர்கள் காணவில்லை. கிடைத்த நட்டஈட்டில் ஒரு பகுதியை அந்தக் குடும்பம் அதே வைத்தியசாலையில் நோயாளர் பாதுகாப்புப் பணிக்கே கொடுத்தது குறிப்பிடத்தக்கது.

ப்ரொனொவொஸ்ட் முதலில் எடுத்துக் கொண்டது சுவாசக் கருவியை அல்ல, கழுத்து நரம்பு போன்ற பெரிய இரத்த நாளங்களுக்குள் செலுத்தும் குழாய்களால் வருகின்ற கிருமித் தொற்றை. கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்தல், நோயாளியை முழுமையாகத் துணியால் மூடுதல் என்று ஐந்து விடயங்கள். ஒரு மாதம் டொக்டர்களைக் கவனித்துக் குறித்து வைக்கும்படி தாதியரிடம் கேட்டார். மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளில் ஏதாவது ஒன்று விடுபட்டது. அடுத்து அவர் செய்ததுதான் துணிச்சலான காரியம். எந்த டொக்டராவது ஒரு படியைத் தாண்டினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை, நிர்வாகத்தின் ஒப்புதலுடன் தாதியருக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு வருடத்தில் அந்தத் தொற்று 11 சதவீதத்திலிருந்து பூச்சியத்துக்கு இறங்கியது.

பட்டியல் மட்டும் இதைச் செய்யவில்லை. அந்தக் குழாயைப் போடுவதற்கான பொருட்களைச் சேர்க்க டொக்டர்கள் எட்டு இடங்களுக்கு ஓட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கி வைத்தார்கள். 'ஏன் செய்யவில்லை' என்று திட்டுவதற்கு முன்னர், 'செய்வதற்கு எது தடையாக இருக்கிறது' என்று பார்த்தார்கள். களஞ்சியத்தின் உள்ளே எங்கோ துணி அளக்கும் கோலை வைத்து விட்டு, பையன் சாண் கணக்கில் அளக்கிறான் என்று ஏசுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுவாசக் கருவிக்கும் அதே வழி பின்பற்றப்பட்டது. விடுபட்டவர்கள் 70 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தார்கள். நியூமோனியா கால் பங்கு குறைந்தது. முந்திய வருடத்தை விட 21 பேர் குறைவாக இறந்தார்கள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கெட்டிக்கார டொக்டர் சாதித்ததை வேறு இடத்தில் சாதிக்க முடியுமா? இதைச் சோதித்த இடம் மிச்சிகன் மாநிலம். 2003இல் மாநில வைத்தியசாலைகள் சங்கம் ப்ரொனொவொஸ்டின் குழுவுடன் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 'கீஸ்டோன்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. டெட்ரொயிட் நகரின் வறிய பகுதிகளில் பணமில்லாமல் திண்டாடிய ஆஸ்பத்திரிகளும் இதில் அடங்கும்.

அவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் ஊழியர் எல்லோரிடமும் இரண்டே கேள்விகள் கேட்டார்கள். இங்கே அடுத்த நோயாளிக்கு எந்த வகையில் தீங்கு நேரும் என்று நினைக்கிறீர்கள்? அதைத் தடுக்க என்ன செய்யலாம்? அவ்வளவுதான். சென்ற மாதம் யார் பிழை விட்டது என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நடந்ததைப் பற்றிக் கேட்டால் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்க வேண்டும், வாய் அடைத்துப் போகும். நடக்கப் போவதைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள். டொக்டர், தாதி, சுவாசச் சிகிச்சையாளர், மருந்தாளர், துப்புரவு செய்பவர் எல்லோருடைய பதிலும் ஒரே பெட்டியில் விழுந்தது.

இரண்டாவது விடயம், ஒவ்வொரு பிரிவுக்கும் வைத்தியசாலையின் மேல்மட்ட நிர்வாகி ஒருவரை ஒட்டி விட்டார்கள். அவர் மாதம் ஒரு முறையாவது நேரில் வந்து ஊழியரின் முறைப்பாடுகளைக் கேட்க வேண்டும், தம்மால் ஆனதைத் தீர்த்து வைக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து அறிக்கை வாசித்துப் பழகியவர்களுக்கு இது ஆரம்பத்தில் கசந்தது. ஆனால் வந்த பின்னர்தான் பல விடயங்கள் தெரிய வந்தன. தோலைச் சுத்தம் செய்வதற்குச் சிறந்தது என்று நிரூபிக்கப்பட்ட குளோரெக்ஸிடின் கிருமிநாசினி, மூன்றிலொரு பங்குக்கும் குறைவான பிரிவுகளிலேயே இருப்பில் இருந்தது. தாதி எத்தனை முறை சொன்னாலும் வராத பொருள், கொள்வனவுப் பிரிவுக்கு மேலதிகாரி ஒருவர் சொன்னதும் வந்து சேர்ந்தது.

மூன்றாவதாக, மாதம் ஒரு குறையை மாத்திரம் எடுத்து அதை அடியோடு தீர்ப்பது. பத்துக் குறைகளை ஒன்றாகத் தூக்கினால் ஒன்றும் நகராது. ஹொப்கின்ஸில் இந்த முறையால் வந்த மாற்றங்களைப் பாருங்கள். நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லத் தனிக் குழு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே ஒரு மருந்தாளர், முதுகுத்தண்டுக் குழாயும் நரம்புக் குழாயும் மாறிப் போகாதிருக்கத் தெளிவான அடையாளச் சீட்டு. இவை எல்லாம் வேலை செய்பவர் கண்ட ஓட்டைகள். அங்கே ஒரு பிரிவில் தாதியர் வேலையை விட்டுப் போகும் வீதம் 9 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது என்பதை, ஆட்கள் நிலைப்பதில்லை என்று கவலைப்படும் நமது வியாபாரிகள் இரண்டு முறை வாசிக்கலாம்.

'இன்றைய இலக்கு'த் தாள் என்று ஒன்று இருந்தது. அதற்கு முன்னர், இந்த நோயாளிக்கு இன்று என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டால், சரியாகச் சொல்லக் கூடிய தாதியரும் பயிற்சி டொக்டர்களும் பத்துச் சதவீதத்துக்கும் குறைவு. தாளில் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டத் தொடங்கிய பின்னர் 95 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. அந்தப் பிரிவில் நோயாளி தங்கும் சராசரிக் காலம் 2.2 நாட்களிலிருந்து 1.1 நாளாகக் குறைந்தது. நமது கடையில் இன்று எந்தச் சரக்கை முதலில் தள்ள வேண்டும் என்று பையன்மாரிடம் தனித்தனியே கேட்டுப் பாருங்கள், எத்தனை விதமான பதில் வருகிறது என்று தெரியும்.

தலைமாட்டு விடயத்துக்குப் பல வைத்தியசாலைகளில் கையாளப்பட்ட தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டிலுக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒரு கோடு கீறுவது. கட்டில் 30 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் அந்தக் கோடு கண்ணில் படும். கோடு தெரிந்தால் கட்டிலை உயர்த்த வேண்டும். அளவுகோல் தேவையில்லை, ஆங்கிலம் தேவையில்லை. கூட்ட வருபவரும் சொல்லலாம், பார்க்க வந்த உறவினரும் சொல்லலாம். உறவினருக்கும் இதை விளக்கிக் கொடுத்து, கட்டில் தாழ்ந்திருந்தால் தாதியிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக் கொண்டார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். பத்து நோயாளிகள் நூறு நாட்கள் கருவியில் இருந்தால் 1,000 கருவி நாட்கள் என்று கணக்கிடுவார்கள். மிச்சிகனில் 112 பிரிவுகளின் முடிவு 2011இல் வெளியானது. 1,000 கருவி நாட்களுக்குச் சராசரியாக 6.9 ஆக இருந்த நியூமோனியா, ஒன்றரை வருடத்தில் 3.4 ஆகவும், இரண்டரை வருடத்தில் 2.4 ஆகவும் குறைந்தது. ஐந்து சிகிச்சைகளையும் ஒன்று விடாமல் பெற்ற நோயாளிகள் 32 சதவீதத்திலிருந்து 84 சதவீதமாக உயர்ந்தார்கள்.

கணக்கைச் சந்தேகத்துடன் பார்ப்பது வியாபாரிக்கு அழகு. நியூமோனியாதானா என்று தீர்மானிப்பதில் டொக்டரின் அபிப்பிராயத்துக்கு இடமிருந்தது. எண்ணிக்கை குறைய வேண்டும் என்று எல்லோரும் விரும்பும்போது, ஐயத்துக்குரியவை கணக்கில் சேராமல் போகலாம். விற்பனையாளரே இருப்பையும் எண்ணினால் நடப்பதுதான். ஆகவே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013இல் அளவுமுறையையே மாற்றி, நோயாளிக்குக் கொடுக்கும் ஒட்சிசனின் அளவு, காற்றழுத்தம் போன்ற, யாரும் மாற்றிச் சொல்ல முடியாத எண்களில் ஆரம்பிக்கும் கணக்கைக் கொண்டு வந்தது. நியூமோனியா மட்டுமல்லாமல் கருவியால் வரும் ஏனைய சிக்கல்களும் அதில் அடங்கின. இந்தக் கடுமையான அளவுகோலை வைத்து மேரிலாந்து, பென்சில்வேனியா மாநிலங்களில் 38 வைத்தியசாலைகளின் 56 பிரிவுகளில் அதே முறையைச் செய்து பார்த்தார்கள். 7.34 ஆக இருந்தது இரண்டு வருடங்களில் 4.58 ஆகக் குறைந்தது. மிச்சிகன் அளவுக்கு வேகமான இறக்கமில்லை, ஆனாலும் நம்பத்தக்க இறக்கம்.

பணம்? மிச்சிகனின் ஆறு வைத்தியசாலைகளில், ஊழியர் செலவிட்ட நேரம் உட்பட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு தொற்றைத் தடுக்க ஆன செலவு 3,375 டொலர். தொற்று வந்து விட்டால் ஆகும் மேலதிகச் செலவு 12,208 டொலரிலிருந்து 56,167 டொலர் வரை என்று மதிப்பிட்டார்கள். இப்படிப்பட்ட ஆதாயம் எந்த இறக்குமதியில் கிடைக்கும்?

சியாட்டில் நகரின் வேர்ஜினியா மேசன் வைத்தியசாலை வேறொரு வாசலால் இதே இடத்துக்கு வந்தது. அதன் நிர்வாகிகள் 2002இல் ஜப்பானுக்குச் சென்று டொயோட்டா முறையைப் படித்து வந்தார்கள். கார் உற்பத்தி வரிசையில் பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். இதன் வேர், புடவை வியாபாரிகளுக்குப் பிடிக்கும், ஒரு தறியில் இருக்கிறது. டொயோட்டா குடும்பத்தின் மூத்தவர் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தவுடன் தானாக நின்று விடும் தறியைச் செய்தவர். நூல் அறுந்த பிறகும் ஓடும் தறி வேகமாகப் பழுதான துணியைத்தான் நெய்யும். வேர்ஜினியா மேசனில் எந்த ஊழியரும் நோயாளிக்கு ஆபத்தென்று கண்டால் வேலையை நிறுத்தி மேலிடத்துக்கு அறிவிக்கலாம் என்ற முறை வந்தது. சுவாசக் கருவியால் வரும் நியூமோனியாவும் 2002இல் 34 பேருக்கு ஏற்பட்டிருந்தது, 2004இல் 4 பேருக்கு மட்டுமே. அதற்கான செலவு 500,000 டொலரிலிருந்து 60,000 டொலராக இறங்கியது.

இதையெல்லாம் வாசித்து விட்டு, நாளைக்கே ஒரு பட்டியல் அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டி விடலாம் என்று யாரும் நினைத்தால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைப் பார்க்கட்டும். சத்திர சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை எல்லா வைத்தியசாலைகளும் பின்பற்றி, 2010இலிருந்து அதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று அங்கே அரசு உத்தரவிட்டது. ஏறக்குறைய எல்லோரும் பின்பற்றுவதாக அறிக்கை வந்தது. 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவின்படி, மரணம் 0.71 சதவீதத்திலிருந்து 0.65 சதவீதம். குறைந்தது என்று சொல்லத்தக்க வித்தியாசமே அல்ல. காகிதம் நிரம்பியது, வேலை மாறவில்லை என்றே நான் இதைப் புரிந்து கொள்கிறேன். மேலேயிருந்து இறங்கிய பட்டியலுக்கு ஊழியர் அடையாளமிடுவார். தாம் சேர்ந்து எழுதிய பட்டியலைத்தான் காப்பாற்றுவார்.

நமது நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று கை விரிக்கவும் முடியாது. கொழும்பு காஸல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டில் டொக்டர் விமல் கரந்தகொட பணிப்பாளராக இருந்தபோது, ஜப்பானியரின் 5எஸ் ஒழுங்கு முறை கொண்டு வரப்பட்டது. பிரிவுக்குப் பிரிவு ஊழியர் குழுக்களை அமைத்து, இருக்கும் ஆட்களையும் இருக்கும் பணத்தையும் வைத்தே செய்தார்கள். 2007 முதல் ஜப்பானின் ஜய்கா நிறுவனம் அந்த அனுபவத்தை ஆபிரிக்க நாடுகள் பலவற்றுக்கு எடுத்துச் சென்றது. நம்மிடமிருந்து மற்றவர்கள் கற்றுக் கொண்ட ஒரு சில விடயங்களில் இதுவும் ஒன்று, நமக்குத்தான் அதிகம் தெரியாது.

நமக்கு இது மார்க்க ரீதியாகவும் புதிதன்று. ஹிஜ்ரி 2இல் பத்ர் களத்தில் நபி (ஸல்) அவர்கள் முகாமிட்ட இடத்தைப் பார்த்த ஹுபாப் இப்னுல் முன்திர் (ரழி) அவர்கள், இது வஹியின் கட்டளையா, அல்லது போர் உபாயமா என்று கேட்டார்கள். உபாயமே என்று பதில் கிடைத்ததும், கிணறுகளுக்கு அருகிலுள்ள வேறிடத்தைக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்று இடத்தை மாற்றினார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. மஷூரா என்ற சொல்லைப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தோடு நிறுத்திக் கொண்டோம். கடையில் சாக்குத் தூக்குகின்றவரிடம் மஷூரா கேட்கும் முதலாளிமார் எத்தனை பேர்?

செய்து பார்க்க விரும்புகின்றவர்களுக்கு என் யோசனை இதுதான். ஊழியர் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இந்தக் கடைக்கு அடுத்த நட்டம் எங்கிருந்து வரும்? அதை எப்படித் தடுக்கலாம்? முகாமையாளரையோ மச்சானையோ பக்கத்தில் வைத்துக் கொண்டு கேட்காதீர்கள், ஒரு பதிலும் வராது. சொன்னதைச் செய்ய முடியாவிட்டால் ஏன் முடியாது என்று அவரிடமே திரும்பப் போய்ச் சொல்லுங்கள். முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் மின்விசிறி, பகல் சாப்பாட்டு நேரம், கழிவறைக் கதவு போன்ற முறைப்பாடுகளாகவே இருக்கும். அவற்றை அற்பம் என்று தள்ளி விடாதீர்கள். கழிவறைக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுக் கொடுத்த முதலாளியிடம்தான் மூன்றாம் மாதம் அந்த ஊழியர் வந்து, களஞ்சியத்தின் பின்சுவரில் ஈரம் ஊறுகிறது, மழைக்கு முன் அரிசி மூட்டைகளை மாற்றி அடுக்க வேண்டும் என்று சொல்வார்.